கிடங்கில் 56 கோடி பவுண்டு சீஸ்: அமெரிக்காவின் உபரி உணவுத் திட்டம் பிறந்த விதம்

1981 டிசம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் புதிய வேளாண் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றே இன்னொரு அறிவிப்பும் வந்தது. அரசுக் கிடங்குகளில் கிடக்கும் சீஸிலிருந்து 3 கோடி பவுண்டை, கேட்கும் மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுப்போம். மாநிலங்கள் அதைத் தொண்டு அமைப்புகள் மூலம் ஏழைகளிடம் சேர்க்க வேண்டும். குடும்பங்கள் பணமில்லாமல் தவிக்கும் காலத்தில், கோடிக்கணக்கான பவுண்டு உணவு வீணாவதை அரசு கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று ரீகன் காரணம் சொன்னார்.

அப்போது அரசின் கையிருப்பில் இருந்த சீஸ் 56 கோடி பவுண்டுக்கும் மேல். நம் கணக்கில் இரண்டரை லட்சம் டன். நாட்டின் மக்கள்தொகை அன்று சுமார் 23 கோடி. ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பங்கு வரும். அது 35 மாநிலங்களில் 150 குளிர்பதனக் கிடங்குகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பகுதியில் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

அவசரத்துக்குச் செய்த அந்த ஏற்பாடுதான் பிறகு சட்டமாகி, இன்று அமெரிக்க உணவு வங்கிகளின் முதுகெலும்புகளில் ஒன்றாக நிற்கிறது. அவசர உணவு உதவித் திட்டம் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டெஃபாப் என்பார்கள். பசித்தவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு இந்தத் திட்டம் தொடங்கப்படவில்லை. கிடங்கை எப்படிக் காலி செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிறப்பின் சுவடு திட்டத்தில் தெரிகிறது. அது எங்கெல்லாம் தெரிகிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

சீஸ் சேர்ந்த கதை

பாலுக்கு ஆதரவு விலை என்பது அமெரிக்காவில் 1930களிலேயே வந்த யோசனை. 1949ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. நம்மூரில் நெல்லுக்கு ஆதரவு விலை அறிவித்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லையே எடுத்துக்கொள்வார்கள். பாலில் அது நடக்காது. இரண்டு நாளில் கெட்டுவிடும். அதனால் அமெரிக்க அரசு பாலை வாங்கவில்லை. வெண்ணெய், கொழுப்பு நீக்கிய பால் பவுடர், செடார் சீஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரு விலை அறிவித்து, அந்த விலைக்கு யார் எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வதாக உறுதி கொடுத்தது. வாங்கும் பொறுப்பு கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற அரசுக் கழகத்துக்கு. 1933இல் தொடங்கியது அது.

இந்த ஏற்பாட்டை ஒரு சீஸ் ஆலை முதலாளியின் இடத்திலிருந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். சந்தையில் விலை நன்றாக இருந்தால் கடைக்காரருக்கு விற்கலாம். விலை இறங்கினால் அரசுக்கு விற்கலாம். வாங்க ஆள் கிடைக்குமா என்ற கவலையே கிடையாது. எனவே விவசாயி கொண்டுவரும் பாலை ஒரு நாளும் மறுக்க வேண்டியதில்லை. விவசாயிக்கும் பண்ணையில் இன்னும் நாலு மாடு சேர்க்கத் தயக்கம் இல்லை. ஆதரவு விலை சந்தை விலைக்குக் கீழே இருக்கும்வரை இது நல்ல பாதுகாப்பு. சந்தை விலையைத் தாண்டிவிட்டால் அரசே முதன்மை வாடிக்கையாளர் ஆகிவிடும்.

1977இல் அதுதான் நடந்தது. ஜிம்மி கார்ட்டர் தேர்தலில் பால் விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆட்சிக்கு வந்ததும் ஆதரவு விலையை நூறு பவுண்டு பாலுக்கு 9 டாலராக உயர்த்தினார். அதே ஆண்டு வந்த சட்டம், அந்த விலை பாரிட்டி என்று சொல்லப்படும் அளவில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், ஆண்டுக்கு இரண்டு முறை திருத்த வேண்டும் என்றும் சொன்னது. பாரிட்டி என்பது 1910 முதல் 1914 வரையான காலத்தில் விவசாயியின் விளைபொருளுக்கு இருந்த வாங்கும் சக்தி. 1914இல் நூறு பவுண்டு பால் விற்று என்னென்ன வாங்க முடிந்ததோ, அதே சாமான்களை இன்றும் வாங்க முடிய வேண்டும் என்பது கணக்கு.

நியாயமான ஆசைதான். விலைவாசி ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிய காலம் அது. டீசலும் தீவனமும் வட்டியும் எகிறிக்கொண்டிருந்தபோது விவசாயி வேறு என்ன கேட்பான்? ஆனால் 1914இன் மாடும் 1980இன் மாடும் ஒன்றல்ல. 1950இல் ஒரு மாடு ஆண்டுக்குச் சராசரியாக 5,300 பவுண்டு பால் கறந்தது. 1980இல் அது 12,000 பவுண்டை நெருங்கிவிட்டது. ஒரு பவுண்டு பாலை உற்பத்தி செய்ய ஆகும் உழைப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. பழைய காலத்து வாங்கும் சக்தியை மட்டும் பிடித்துக்கொண்ட சூத்திரத்தில் இதற்கு இடமே இல்லை.

1980 அக்டோபரில் ஆதரவு விலை 13 டாலர் 10 சென்ட் ஆனது. மூன்றரை ஆண்டில் 45 சதவீத உயர்வு. பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த கறவை மாடுகளின் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது. 1983இல் பால் உற்பத்தி 13,960 கோடி பவுண்டு. அதில் 1,680 கோடி பவுண்டுப் பாலுக்குச் சமமான வெண்ணெயும் பவுடரும் சீஸும் அரசின் தலையில் விழுந்தன. நாட்டில் கறந்த ஒவ்வொரு எட்டு லிட்டரிலும் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மட்டும் இதற்கு ஆன செலவு 250 கோடி டாலருக்கு மேல்.

ரீகன் வந்ததும் முதலில் கைவைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று. 1981 மார்ச் 30 அன்று அவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் காலை மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 1 முதல் வரவிருந்த பால் ஆதரவு விலை உயர்வை ரத்து செய்யும் மசோதா அது. அதிபர் நினைவோடுதான் இருக்கிறார், அரசு நடக்கிறது என்று நாட்டுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது பால் மசோதா. ஆனால் விலை உயர்வை நிறுத்தியதால் பால் நிற்கவில்லை. வாங்கிய மாடுகள் கறந்துகொண்டுதான் இருந்தன.

விற்கவும் வழியில்லை

இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு அரசு என்னதான் செய்ய முடியும்? பள்ளி மதிய உணவுக்கு ஏற்கெனவே முடிந்தவரை கொடுத்தாகிவிட்டது. வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பவுடர் போய்க்கொண்டிருந்தது. (அறுபதுகளில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மதிய உணவோடு வந்த ‘கேர்’ பால் பவுடர் நினைவிருக்கும். அமெரிக்க அரசு இப்படி வாங்கிச் சேர்த்த உபரியிலிருந்து வந்ததுதான் அதுவும்.) உள்நாட்டுச் சந்தையில் குறைந்த விலைக்கு விற்றால் விலை சரியும், சரிந்த விலையைத் தூக்கி நிறுத்த அதே அரசு மறுபடி வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் விற்கலாம் என்றால் அங்கே பனிப்போர் குறுக்கே நின்றது. வெண்ணெய்க்குப் பெரிய கிராக்கி இருந்த இடம் சோவியத் ஒன்றியம். அமெரிக்கக் கடைகளில் கிடைப்பதைவிட மலிவாக ரஷ்யர்களுக்கு வெண்ணெய் கொடுப்பதா என்று கேள்வி எழுந்தது. கடைசியில் 1981 ஆகஸ்டில் ஒரு லட்சம் டன் வெண்ணெயை நியூசிலாந்துக்கு விற்றார்கள், அதைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. உலகிலேயே வெண்ணெய் ஏற்றுமதிக்குப் பேர்போன நாடு நியூசிலாந்து. தன் போட்டியாளரிடமே சரக்கைத் தள்ளிவிட வேண்டிய நிலை.

சீஸ் அப்படியே கிடந்தது. மிசௌரி மாநிலத்தில் கான்சஸ் சிட்டி நகரை ஒட்டிப் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. கல் எடுத்த பிறகு மிஞ்சிய பெரிய பெரிய நிலவறைகள் அவை. இயல்பாகவே குளுமையான இடம். அதற்கு மேல் குளிர்சாதனம் போட்டால் செலவு குறைவு. அரசின் வெண்ணெயிலும் சீஸிலும் பவுடரிலும் கணிசமான பங்கு அங்கேதான் கிடந்தது. 1981இல் வேளாண் அமைச்சர் ஜான் பிளாக், பூசணம் பூத்த ஐந்து பவுண்டு சீஸ் கட்டி ஒன்றை வெள்ளை மாளிகைக்கே எடுத்துவந்து காட்டினார். இதற்குச் சந்தை இல்லை, விற்க முடியவில்லை, கொஞ்சமாவது கொடுத்துவிடப் பார்க்கிறோம் என்றார். கடலில் கொட்டுவதுதான் மலிவான வழி என்று வேளாண் துறை அதிகாரி ஒருவர் பத்திரிகையாளரிடம் சொன்ன செய்தியும் அந்த டிசம்பரில்தான் வந்தது.

அதே 1981இல் ரீகன் அரசு, ஏழைகள் கடையில் உணவு வாங்க முத்திரை கொடுக்கும் உணவு முத்திரைத் திட்டத்துக்கான செலவை வெட்டியிருந்தது. டிசம்பரில் வேலையின்மை 8.5 சதவீதம், அடுத்த ஆண்டு இறுதியில் 10.8 சதவீதம். டெட்ராய்ட் கார் ஆலைகளும் பென்சில்வேனியா எஃகு ஆலைகளும் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் அழுகும் சீஸ், இன்னொரு பக்கம் தேவாலய வாசலில் நீளும் வரிசை. இரண்டையும் ஒரே செய்தித்தாளில் ஒரே நாளில் படித்த மக்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? அந்தக் கோபம் இல்லாவிட்டால் டிசம்பர் 22 அறிவிப்பு வந்திருக்காது என்பது என் கணிப்பு.

கொடுக்க ஆள் எங்கே?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இது. என் பார்வையில் இதுவே முக்கியமானதும்கூட.

உபரியை ஏழைகளுக்குக் கொடுப்பது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1933இல் விலையைத் தூக்குவதற்காக 60 லட்சம் பன்றிக்குட்டிகளை அரசே வாங்கிக் கொன்றது. பட்டினிக் காலத்தில் இப்படிச் செய்யலாமா என்று நாடே கொதித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கூட்டாட்சி உபரி நிவாரணக் கழகம் தொடங்கப்பட்டு, உப்பிட்ட பன்றி இறைச்சி வேலையிழந்த குடும்பங்களுக்குப் போனது. 1935இன் சட்டத்தில் 32ஆம் பிரிவு என்று ஒன்று சேர்க்கப்பட்டது. சுங்க வரி வருமானத்தில் 30 சதவீதத்தை ஒதுக்கி, உபரியை வாங்கி அப்புறப்படுத்தப் பயன்படுத்தலாம் என்றது அது. அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்றைய உணவு வங்கிகளுக்கு வரும் பழமும் காய்கறியும் பெரும்பாலும் அதன் வழியாக வருபவை.

பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. மூட்டையைக் கையில் கொடுப்பதைவிட வாங்கும் சக்தியைக் கொடுப்போம் என்று 1939இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உணவு முத்திரையைத் தொடங்கினார்கள். ஒரு டாலருக்கு ஆரஞ்சு முத்திரை வாங்கினால் ஐம்பது சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை இலவசம். ஆரஞ்சு முத்திரைக்கு எந்த உணவும் வாங்கலாம். நீல முத்திரைக்கு உபரி என்று அறிவிக்கப்பட்ட பொருட்கள் மட்டும். போரின் நடுவே 1943இல் அது நின்றது. கென்னடி காலத்தில் சோதனையாக மீண்டும் வந்தது, 1964இல் சட்டமானது, 1974க்குள் நாடு முழுவதும் பரவியது. முத்திரை வந்த இடத்தில் பொருளாகக் கொடுக்கும் பழைய ஏற்பாடு கலைக்கப்பட்டது. பூர்வகுடிகளின் ஒதுக்கிடங்களிலும் வேறு சில சிறிய திட்டங்களிலும் மட்டுமே அது மிஞ்சியது.

அதனால் 1981இல் சீஸைக் கொடுப்பதாக ரீகன் அறிவித்தபோது, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அரசிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. குடும்பவாரியாகப் பொருள் கொடுத்த மாவட்டக் கிடங்குகள் மூடப்பட்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சுமை தேவாலயங்கள், முதியோர் மையங்கள், தொழிற்சங்க அலுவலகங்கள், அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த உணவு வங்கிகள் ஆகியவற்றின் மீது வந்து இறங்கியது.

உணவு வங்கி என்பது அன்று இளம் பிள்ளை. 1967இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் செயின்ட் மேரிஸ் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் தூக்கி எறியும் நல்ல உணவை வாங்கிவைத்துத் தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக்கொடுப்பது அதன் வேலை. 1979இல் இப்படிப்பட்ட வங்கிகளைச் சேர்த்து செகண்ட் ஹார்வெஸ்ட் என்ற அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் ஃபீடிங் அமெரிக்கா. தனியார் நன்கொடையை நம்பி நடந்த இந்த அமைப்புகளுக்கு லாரி லாரியாக அரசுச் சரக்கு வந்து இறங்கியது. அவை வளர்ந்தன, அதே நேரம் அரசுச் சரக்கை நம்பியும் நின்றன. அமெரிக்காவில் பசி என்பது தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் விஷயமாக மாறியதற்கு இந்தச் சீஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஐந்து பவுண்டுக் கட்டி

கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் வாங்கியது செடார் சீஸ். நாற்பது பவுண்டுப் பாளமாகவும் 500 பவுண்டு பீப்பாயாகவும் வரும். அதை அப்படியே ஒரு குடும்பத்திடம் கொடுக்க முடியாது. எனவே ஆலைகளுக்குக் கூலி கொடுத்து, பழைய சீஸையும் புதிய சீஸையும் அரைத்து, உருக்கி, கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகளைச் சேர்த்து, பதப்படுத்திய சீஸாக மாற்றினார்கள். சூடாக இருக்கும்போதே நீளமான அச்சில் ஊற்றி ஆறவிட்டால் ஐந்து பவுண்டுக் கட்டி. இரண்டே கால் கிலோ கனம். வெளியே பழுப்பு அட்டைப்பெட்டி. அதன் மேல் பொருளின் பெயரும் எடையும், அமெரிக்க வேளாண் துறை நன்கொடை, விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் கறுப்பு மையில். படம் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு வீட்டின் குளிர்பெட்டியைத் திறந்தால் அந்தப் பெட்டியே அந்தக் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லிவிடும்.

முதல் தவணை 3 கோடி பவுண்டு என்றால் அப்படிப்பட்ட 60 லட்சம் கட்டிகள். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நீள மேசை போட்டுத் தன்னார்வலர்கள் நின்றார்கள். வருமான வரம்பை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொண்டது. பல இடங்களில் ஒரு தாளில் பெயரும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் எழுதி, வருமானம் இவ்வளவுக்குள் என்று கையெழுத்துப் போட்டால் போதும். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. இந்த எளிமை திட்டத்தின் பெரிய பலம். கௌரவம் பார்த்து உணவு முத்திரை அலுவலகப் படியேறாத வயதானவர்களும், அப்போதுதான் வேலை போன ஆலைத் தொழிலாளிகளும் இந்த வரிசையில் வந்து நின்றார்கள்.

சீஸோடு பிறகு வெண்ணெயும் பால் பவுடரும் வந்தன. தேன், அரிசி, மாவு, சோள மாவு ஆகியவையும் சேர்ந்தன. ஆனால் மக்கள் மனதில் நின்றது சீஸ்தான். நன்றாக உருகும், ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சுட்டால் ருசி என்று இன்றும் ஏக்கத்தோடு பேசுபவர்கள் உண்டு. அதன் பெயரைக் கேட்டாலே சிறுவயது அவமானம் திரும்பி வருகிறது என்பவர்களும் உண்டு. இரண்டும் உண்மையான நினைவுகள். உப்பும் கொழுப்பும் மிகுந்த ஒரே பொருளைக் கிலோக்கணக்கில் கொடுத்தது ஊட்டச்சத்து நோக்கில் சரியான தேர்வல்ல. கறுப்பினத்தவரிலும் பூர்வகுடிகளிலும் ஆசியரிலும் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. பவுடர் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு போன அந்தக் குடும்பங்களுக்கு அது எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கும் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்ததற்கு அடையாளம் இல்லை. கிடங்கில் என்ன இருந்ததோ அது வந்தது.

சட்டமும் சச்சரவும்

1983 மார்ச் 24 அன்று தற்காலிக அவசர உணவு உதவிச் சட்டம் நிறைவேறியது. வேலைவாய்ப்புக்கான அவசர நிதி மசோதாவோடு ஒட்டிவந்த ஒரு பகுதி அது. அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது ஒரே ஒரு விஷயம்: சரக்கோடு பணமும் வந்தது. சேமித்துவைக்கவும் ஏற்றி இறக்கவும் மாநிலங்களுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கி, அதில் ஒரு பங்கு கீழே இருக்கும் தொண்டு அமைப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றது சட்டம். அதற்கு முன் இலவசமாகக் கிடைத்த சீஸை எடுத்துவர லாரி வாடகைக்கும் குளிர்பதன அறைக்கும் மாநிலங்களும் தொண்டு அமைப்புகளும்தான் கைக்காசைப் போட்டன. கொடுப்பவருக்கு இலவசம் என்பது வாங்கி விநியோகிப்பவருக்கு இலவசம் ஆகாது. இந்தப் பாடத்தை அமெரிக்கா ஒவ்வொரு தலைமுறையிலும் மறந்து மறந்து மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறது.

மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்க ஒரு சூத்திரமும் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு 60 சதவீத எடை, வேலையில்லாதவர்களின் எண்ணிக்கைக்கு 40 சதவீத எடை. இன்றும் அதே சூத்திரம்தான்.

சீஸ் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. இலவசச் சீஸ் கிடைக்கும் வீட்டில் கடைச் சீஸ் வாங்குவது குறையும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருந்தது. சந்தையில் விற்காத சீஸ் மறுபடி அரசிடமே வந்து சேரும். அதாவது வாசல் வழியாகக் கொடுத்த சீஸில் ஒரு பகுதி கொல்லை வழியாகக் கிடங்குக்குத் திரும்பியது. 1983இல் விற்பனை பாதிக்கிறது என்று சொல்லி வேளாண் துறை விநியோகத்தைக் குறைக்கப் பார்த்தது. வேலையின்மை இன்னும் ஒன்பது சதவீதத்துக்கு மேல் இருந்த ஆண்டு அது. தேவை ஏறிநின்ற நேரத்தில் கொடுப்பதைக் குறைப்பது என்ற முடிவு, இந்தத் திட்டம் யாருக்காக நடந்தது என்ற கேள்விக்கு நேரான பதில் என்றே நான் பார்க்கிறேன்.

உபரி தீர்ந்தபோது

கொடுத்துத் தீராது, கறப்பதையே குறைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் முடிவுக்கு வந்தது. 1984இல் உற்பத்தியைக் குறைக்கும் விவசாயிக்குக் குறைத்த ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 10 டாலர் கொடுத்தார்கள். போதவில்லை. 1986இல் முழு மந்தையையே அரசு செலவில் அப்புறப்படுத்தும் திட்டம் வந்தது. சுமார் 14,000 பண்ணைகள் சேர்ந்தன. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் கிடாரிகளும் கன்றுகளும் வெட்டுக்கோ ஏற்றுமதிக்கோ போயின. பண்ணைக்காரர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பால் தொழிலுக்குத் திரும்பக் கூடாது. விற்ற மாடு மறுபடி கறவைக்கு வந்துவிடாமல் இருக்க, அதன் தாடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பெருக்கல் குறி போட வேண்டும் என்று வேளாண் துறை விதி போட்டது. ராச்செஸ்டரில் விலங்கு நல அமைப்பு வழக்குப் போட, அது கொடுமை என்று நீதிமன்றம் தடுத்தது. அவ்வளவு மாடுகளும் ஒரே நேரத்தில் வெட்டுக்கு வந்ததில் மாட்டிறைச்சி விலை சரிந்தது. இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர்கள் கொதித்தார்கள். அந்தச் சரிவைத் தடுக்க அரசு 40 கோடி பவுண்டு இறைச்சி வாங்க வேண்டும் என்று அதே சட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆதரவு விலையையும் படிப்படியாக இறக்கினார்கள். 1990இல் அது 10 டாலர் 10 சென்ட். 1988இல் கடும் வறட்சியும் வந்தது. அந்த ஆண்டு சீஸ் நின்றது.

ஆனால் வரிசை நிற்கவில்லை. இந்த நிகழ்வின் உண்மையான திருப்பம் இங்கேதான் என்று நினைக்கிறேன். உபரி இல்லையென்றால் உபரி விநியோகத் திட்டத்தை மூடிவிட வேண்டியதுதானே? தர்க்கப்படி அப்படித்தான். ஆனால் ஏழு ஆண்டுகளில் ஊர் ஊராக உணவு வங்கிகளும், குடும்பங்களுக்கு நேரடியாக உணவு கொடுக்கும் உணவு அலமாரிகளும் உருவாகிவிட்டன. அவற்றை நம்பிய குடும்பங்களும், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசக்கூடிய தொண்டர்களும் இருந்தார்கள். 1988இன் பசித் தடுப்புச் சட்டம், கிடங்கில் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 12 கோடி டாலருக்குச் சந்தையில் உணவு வாங்கிக் கொடுக்கச் சொன்னது. 1990இல் திட்டத்தின் பெயரிலிருந்து ‘தற்காலிக’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

இன்றைய திட்டத்தில் இரண்டு ஓடைகள் இருக்கின்றன. ஒன்று, சட்டப்படி ஒதுக்கிய பணத்தில் வாங்குவது. 2008இன் பண்ணைச் சட்டம் அதை 25 கோடி டாலராக உயர்த்தி, விலைவாசியோடு ஏறும்படி செய்தது. மாநிலங்கள் பட்டியலிலிருந்து தங்களுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கலாம்: டப்பாவில் அடைத்த பயறு, கோழி, பழம், அரிசி. இன்னொன்று, போனஸ் சரக்கு. எந்த விளைபொருளின் விலை விழுகிறதோ அதை அரசு வாங்கி, உணவு வங்கிகளுக்கு அனுப்பும். முதல் ஓடை பசியைப் பார்த்து ஓடுகிறது. இரண்டாவது இன்னும் 1981இன் கணக்கிலேயே ஓடுகிறது.

அந்த இரண்டாவது ஓடை 2018இல் வெள்ளமானது. டிரம்ப் அரசு விதித்த வரிகளுக்குப் பதிலடியாகச் சீனாவும் மெக்சிகோவும் அமெரிக்க விளைபொருட்களுக்கு வரி போட்டன. ஏற்றுமதி நின்ற பன்றி இறைச்சி, பால், ஆப்பிள் என்று 120 கோடி டாலருக்கு அரசு வாங்கியது. அடுத்த ஆண்டு இன்னும் 140 கோடி. உணவு வங்கிகளுக்கு நல்ல காலம்தான், ஆனால் சில வாரமே தாங்கும் பாலை வைக்கக் குளிர்பதன அறை வேண்டுமே. வாடகைக்கு இடம் தேடி, கூடுதல் லாரி பிடித்து, இரவு நேரத்தில் ஆள் வைத்து இறக்கினார்கள். அப்போது நாட்டில் வேலையின்மை நான்கு சதவீதத்தை ஒட்டி, மிகக் குறைவாக இருந்தது. சரக்கு கூடியதற்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லை.

2020இல் கொரோனா வந்தபோது வேளாண் துறை வேறு வழி பிடித்தது. மாநிலங்களைத் தாண்டி, தனியார் ஒப்பந்ததாரர்களே பழம், காய்கறி, பால், இறைச்சியைப் பெட்டியில் அடைத்துத் தொண்டு அமைப்புகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. ஓராண்டில் 17 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் போயின. நல்ல காய்கறி, நல்ல பால், வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் யாருக்கு எந்த ஊர் என்று திட்டமிட ஆளில்லாததால் சில மாவட்டங்களில் குவிந்தது, சில இடங்களுக்கு எட்டவே இல்லை. உணவு விநியோக அனுபவமே இல்லாத, திருமணமும் விழாவும் நடத்திக்கொடுக்கும் டெக்சாஸ் நிறுவனம் ஒன்றுக்கு 3.9 கோடி டாலர் ஒப்பந்தம் போனது. 60க்கு 40 என்ற அந்தப் பழைய சூத்திரம் எவ்வளவு அரிய சொத்து என்று அப்போது பலருக்குப் புரிந்திருக்கும்.

2025 மார்ச்சில் எதிர்த் திசையில் அடி விழுந்தது. கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் பணத்தில் உணவு வங்கிகளுக்கு வரவிருந்த சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை வேளாண் துறை ரத்து செய்தது. இறைச்சியும் முட்டையும் பாலும் ஏற்றிவரும் லாரிகளுக்கு நாள் குறித்துக் காத்திருந்த வங்கிகளுக்கு, அந்த லாரிகள் வராது என்று தகவல் போனது. சட்டத்தில் எழுதப்பட்ட ஒதுக்கீடு மட்டும் தொடர்ந்தது. உணவு விலை ஏறியிருந்ததால் வரிசை குறையவில்லை. பல வங்கிகள் நன்கொடைப் பணத்தை எடுத்துக் கடையில் வாங்கின, சில வங்கிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கும் அளவைக் குறைத்தன.

எனவே இந்தத் திட்டத்தைச் சீர்செய்ய யாராவது என்னைக் கேட்டால் இரண்டைச் சொல்வேன். போனஸ் சரக்கு வரட்டும், விவசாயிக்கும் அது தேவை; ஆனால் சட்டப்படியான ஒதுக்கீடு, போனஸ் ஒரு டாலர்கூட வராத ஆண்டிலும் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். போனஸாக அனுப்பும் ஒவ்வொரு லாரியோடும், அதை இறக்கி, குளிரில் வைத்து, கடைசி வீடுவரை கொண்டுபோகும் செலவும் தானாகவே சேர்ந்து வர வேண்டும். 1983இல் அந்த 5 கோடி டாலரை ஒதுக்கியவர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள்.